டிஷ் டிவி, டி2எச் சந்தாதாரர்கள் ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டலாமா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். உசிலம்பட்டி அருகே என் பெற்றோர் வசிக்கும் வீட்டில் பல ஆண்டுகளாக டி2எச் இணைப்பு இருக்கிறது. படம் தெளிவாக வருகிறது. சேவையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாதாமாதம் பணம் கட்டுவதை நினைவில் வைத்துக்கொள்ளும் சுமை அவர்களுக்கு வேண்டாம் என்பதற்காக, ஆண்டுக்கு ஒருமுறை நானே சென்னையிலிருந்து மொத்தமாக ரீசார்ஜ் செய்துவிடுவது வழக்கம். அந்தக் கெடு இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

இந்த முறை பணம் கட்டக் கை வரவில்லை. டி2எச்சை நடத்தும் டிஷ் டிவி நிறுவனம் தொடர்ந்து நட்டத்தில் இருப்பதாகவும், மத்திய அரசு உரிமக் கட்டணமாகப் பல ஆயிரம் கோடி ரூபாய் கேட்டிருப்பதாகவும் செய்திகளில் படிக்கிறேன். ஊரில் அப்பாவிடம் இரண்டு பேர், "அந்தக் கம்பெனியை மூடப்போகிறார்கள், இப்போதே மாறிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வேறு இணைப்பு விற்பவர் என்பதால் அந்தப் பேச்சை எவ்வளவு தூரம் நம்புவது என்று தெரியவில்லை. முழங்கால் வலியால் அம்மா வெளியே போவது குறைந்துவிட்டது. மாலை ஆறரையிலிருந்து இரவு வரை அவருக்குத் தொடர்கள்தாம் துணை. ஒரு நாள் திடீரென்று திரை இருண்டுபோனால், இங்கே இருந்துகொண்டு என்னால் எதுவும் செய்ய முடியாது.

நிறுவனம் உண்மையிலேயே மூடும் நிலையில் இருக்கிறதா? அப்படி நடந்தால் நாம் முன்பணமாகக் கட்டிய தொகை என்ன ஆகும்? எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. கேபிள் வயர் முதன்மைச் சாலையோடு நின்றுவிடுகிறது. விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பேரேடு

நண்பருக்கு வணக்கம். கணக்குத் தணிக்கைத் துறையில் இருப்பவன் என்ற முறையில், வெளியிடப்பட்ட கணக்குகளிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன். பங்கு வாங்கவோ விற்கவோ இதை ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம்.

2003 அக்டோபரில் தொடங்கிய டிஷ் டிவிதான் நாட்டின் முதல் தனியார் டிடிஎச் சேவை, அதாவது செயற்கைக்கோளிலிருந்து வீட்டு மாடித் தட்டுக்கு நேரடியாக வரும் சேவை. வீடியோகான் டி2எச்சுடன் 2018 மார்ச்சில் இணைப்பு முடிந்தபோது, சந்தாதாரர் எண்ணிக்கையில் அது இந்தியாவிலேயே மிகப் பெரிய நிறுவனமாக இருந்தது. அடுத்த நிதியாண்டான 2018-19இல் அதன் வருவாய் ஏறத்தாழ 6,166 கோடி ரூபாய். 2024-25இல் அது ஏறத்தாழ 1,568 கோடி. இந்த இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் பயந்துபோவார்கள். ஆனால் இடையில் ஒரு கணக்கு மாற்றம் இருக்கிறது. 2019இல் டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின்) புதிய கட்டண முறை வந்த பிறகு, சேனல் நிறுவனங்களுக்காக நம்மிடம் வசூலித்துக் கொடுக்கும் பணத்தை டிடிஎச் நிறுவனங்கள் தங்கள் வருவாயில் சேர்த்துக் காட்டுவதில்லை. ஆகவே வீழ்ச்சியின் ஒரு பகுதி ஏட்டில் நடந்த மாற்றம். மீதிப் பகுதி உண்மையான வீழ்ச்சி, அதுவும் பெரிய வீழ்ச்சி.

நட்டத்திலும் இதே கவனம் வேண்டும். 2023-24இல் ஏறத்தாழ 1,967 கோடி, 2024-25இல் ஏறத்தாழ 488 கோடி என்று நட்டம் காட்டப்பட்டிருக்கிறது. சொத்து மதிப்புகளைக் குறைத்து எழுதியது போன்ற சீரமைப்புகளும் இதில் அடங்கும். அத்தனையும் கையிலிருந்து போன பணமல்ல. வட்டியையும் தேய்மானத்தையும் கழிப்பதற்கு முந்தைய இயக்க லாபம் 2024-25இலும் இருந்தது. வங்கிக் கடனையும் பெரும்பாலும் அடைத்துவிட்டார்கள். அப்படியானால் கவலை எங்கே இருக்கிறது என்றால், உரிமக் கட்டணத்தில் இருக்கிறது. உரிமம் பெற்ற நாளிலிருந்து 2018-19 வரைக்குமான பாக்கி, வட்டி எல்லாம் சேர்த்து 4,164 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2020 டிசம்பரில் கேட்டது. கட்டணத்தை எந்த வருவாயின் மேல் கணக்கிடுவது என்பதே வழக்கு. அது ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தீர்ப்பு வராவிட்டாலும் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அதற்காக ஒதுக்கும் தொகை, இயக்க லாபத்தில் ஒரு பெரும் பங்கை விழுங்கிவிடுகிறது.

உரிமையாளர் சிக்கலும் இருக்கிறது. நிறுவனர் குடும்பம் அடகு வைத்த பங்குகளை 2020இல் யெஸ் வங்கி எடுத்துக்கொண்டு ஏறத்தாழ கால் பங்கு உரிமையாளரானது. பிறகு அந்தப் பங்குகள், வாராக் கடன்களை வாங்கி வசூலிக்கும் ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்குக் கைமாறின. 2022 செப்டம்பரில் நிறுவனர் குடும்பத்தைச் சேர்ந்த ஜவஹர் கோயல் தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். அதன் பின்னர் புதிய இயக்குநர்களை நியமிக்கும் தீர்மானங்களைப் பங்குதாரர்கள் பலமுறை நிராகரித்தார்கள். இப்படிப்பட்ட நிலையில் பெரிய முதலீடு செய்ய யாரும் துணியமாட்டார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் கணிப்பு இதுதான்: அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ கடையைச் சாத்திவிடும் நிறுவனமாக இது தெரியவில்லை. தினசரிச் செலவுக்கான பணம் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்தும் இதே பெயரில், இதே உரிமையாளரிடம் இருக்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால் அதை நான் நம்பமாட்டேன்.

தெற்குவாசல்

எங்கள் பகுதியிலும் இதே பேச்சுதான். ஒரு கடைக்காரர் என் மாமனாரிடம், பழைய பெட்டியைத் தந்தால் புதிய நிறுவனத்தின் பெட்டியைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லி ரொக்கமாகப் பணம் வாங்கிக்கொண்டு, ரசீது கொடுக்காமல் இழுத்தடித்தார். பல நாள் அலைந்த பிறகுதான் பணம் திரும்பி வந்தது. வதந்தி பரவும் நேரத்தில் இப்படிப்பட்டவர்கள் வயதானவர்கள் வீட்டைத்தான் தேடி வருகிறார்கள். வைகைக்கரை அவர்களே, எதுவானாலும் தன்னைக் கேட்காமல் பணம் தர வேண்டாம் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

பேரேடு ஐயாவிடம் ஒரு கேள்வி. இது டிஷ் டிவிக்கு மட்டும் வந்த நோயா, டிடிஎச் தொழிலுக்கே வந்ததா?

பேரேடு

தொழிலுக்கே வந்தது. டிராய் வெளியிடும் காலாண்டு அறிக்கைகளின்படி, 2020இல் ஏறத்தாழ 7 கோடியாக இருந்த கட்டண டிடிஎச் சந்தாதாரர்கள், 2025 மார்ச் முடிவில் 5.69 கோடியாகக் குறைந்திருக்கிறார்கள். டாடா பிளே, ஏர்டெல், டிஷ் டிவி, சன் டைரக்ட் ஆகிய நான்கு நிறுவனங்கள்தாம் எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் டிஷ் டிவியின் பங்கு இப்போது ஐந்தில் ஒன்று என்ற அளவில் இருக்கிறது. முதல் இரண்டு நிறுவனங்களே 2025 பிப்ரவரியில் இணைப்புப் பேச்சைத் தொடங்கி, உடன்பாடு ஏற்படாமல் மே மாதத்தில் முறித்துக்கொண்டன. பெரிய குழுமங்களின் பின்பலம் உள்ளவர்களே தனித்து நிற்பதைப் பற்றி யோசிக்கிறார்கள் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

செயற்கைக்கோள் தொழிலின் செலவு அமைப்பு இரக்கமில்லாதது. விண்ணில் வாடகைக்கு எடுத்திருக்கும் டிரான்ஸ்பாண்டர்களுக்கு (செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகளுக்கு), ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் இரண்டு கோடிப் பேர் பார்த்தாலும் வாடகை ஒன்றுதான். நகரத்து வீடுகள் ஃபைபருக்கும் ஓடிடிக்கும் போகின்றன. கட்டணமே வேண்டாம் என்பவர்கள் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷுக்குப் போகிறார்கள். மீதி இருப்பவர்கள் தலையில் அந்த வாடகை ஏறுகிறது. இதற்கு மேல் உரிமக் கட்டணம். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அதைச் சரிசெய்யப்பட்ட வருவாயில் 8 விழுக்காடாகக் குறைத்து, உரிமக் காலத்தை 20 ஆண்டுகளாக்கியது. 2023 ஆகஸ்டில் டிராய் அதை 3 விழுக்காடாக்கி, 2026-27க்குப் பிறகு முற்றாக நீக்கிவிடலாம் என்று பரிந்துரைத்தது. கேபிளுக்கோ ஓடிடிக்கோ இந்தக் கட்டணம் கிடையாது. அரசு இந்தச் சுமையை எப்போதோ இறக்கிவைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

கூடலூர் தட்டு

வணக்கம். தேனி மாவட்டத்தில் டிடிஎச் பொருத்தும் வேலை செய்கிறேன். எல்லா நிறுவனங்களின் தட்டுகளையும் ஏற்றியிருக்கிறேன், இறக்கியும் இருக்கிறேன். கணக்குப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. மாடியில் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

"மூடிவிட்டால் எல்லாம் வீண்" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. உங்கள் வீட்டில் இருப்பவை நான்கு பொருள்கள்: தட்டு, அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற கருவி, மாடியிலிருந்து கீழே வரும் வயர், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி. முதல் மூன்றும் நல்ல நிலையில் இருந்தால் வேறு நிறுவனத்துக்கும் பயன்படும். பெட்டி மட்டும் பயன்படாது. அதற்குள் இருக்கும் பூட்டு அந்த நிறுவனத்தின் சாவிக்கு மட்டுமே திறக்கும்.

டி2எச் வருவது 88 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு நேர்மேலே இருக்கும் எஸ்டி-2 செயற்கைக்கோளிலிருந்து. டிஷ் டிவி 95 பாகையிலிருந்து. ஃப்ரீ டிஷ்ஷும் சன் டைரக்டும் 93.5 பாகையில் இருக்கும் ஜிசாட்-15இலிருந்து. ஆகவே டிஷ் டிவியிலிருந்து 93.5க்கு மாறுகிறவர் வீட்டில் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தித் தட்டை இரண்டு விரற்கடை அசைத்தாலே சிக்னல் பிடித்துவிடும். டி2எச் வீட்டில் கொஞ்சம் கூடுதல் வேலை. உசிலம்பட்டி, தேனிப் பக்கத்திலிருந்து பார்த்தால் தட்டு கிழக்குப் பக்கமாகப் பன்னிரண்டு பாகை அளவுக்குத் திரும்ப வேண்டும், ஐந்து பாகை அளவுக்குக் கீழே சாய வேண்டும். மீட்டர் கையில் இருந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. எனக்குத் தொல்லை தருவது துரு. பத்து ஆண்டு மழையில் நனைந்த நட்டு திரும்பாது. வலுவாகத் திருகினால் கிளாம்பே உடைந்து கையோடு வரும். எல்என்பியில் மாட்டியிருக்கும் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் நடுவில் இருக்கும் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். அந்த முனையை ஒரு சாண் வெட்டியெறிந்துவிட்டுப் புதிய கனெக்டர் போட்டாலே பாதி வீடுகளில் படம் சரியாகிவிடுகிறது. அதைச் செய்யாமல் புதிய வயர், புதிய தட்டு என்று பில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டு அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. அதிலிருந்து ஒளிபரப்பான சன் டைரக்ட் சேனல்கள் 91.5 பாகையில் இருந்த மீசாட்-3க்கு மாறின. அப்போது நான் இந்தத் தொழிலுக்குப் புதிது. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க மாடி மாடியாக ஏறித் தட்டுகளைத் திருப்பினோம். பெட்டி அதே பெட்டி, நிறுவனம் அதே நிறுவனம் என்பதால் மக்களுக்குப் பெரிய செலவில்லை. செயற்கைக்கோளே கெட்டாலும் தட்டைத் திருப்பிப் பிழைத்துக்கொள்ளலாம். நிறுவனம் போனால் பெட்டியை மாற்றியே ஆக வேண்டும்.

ஏழாம் படி

இந்த இடத்தில்தான் எனக்கு ஆற்றாமை வருகிறது. அந்தப் பெட்டி ஏன் பயன்படாமல் போக வேண்டும்? திறந்த கட்டமைப்புள்ள பெட்டி, ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் பயன்படக்கூடிய பெட்டி என்பது டிடிஎச் உரிம விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நடைமுறையில் அது நிறைவேறவில்லை. 2020 ஏப்ரலில் டிராய் மீண்டும் இதே பொருளை எடுத்து, நாட்டில் விற்கப்படும் எல்லா செட் டாப் பாக்ஸ்களும் எந்த நிறுவனத்தோடும் இயங்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரை செய்தது. நிறுவனங்கள் செலவு கூடும் என்றும் திருட்டுப் பார்வை பெருகும் என்றும் எதிர்த்தன. பரிந்துரை ஏட்டிலேயே இருக்கிறது.

கைப்பேசியில் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. அதன் பிறகு எத்தனை கைப்பேசி நிறுவனங்கள் மூடப்பட்டன, இணைந்தன! கோடிக்கணக்கானவர்கள் தங்கள் கைப்பேசியையும் எண்ணையும் வைத்துக்கொண்டே வேறிடம் போனார்கள். தொலைக்காட்சிச் சந்தாதாரருக்கு மட்டும் ஏன் அந்தப் பாதுகாப்பு இல்லை? பெட்டி பொதுவானதாக இருந்திருந்தால், ஒரு நிறுவனம் தள்ளாடுகிறது என்ற செய்தியை நாம் வணிகப் பக்கத்தில் படித்துவிட்டுக் கடந்து போயிருப்போம். வைகைக்கரை இந்த இழையைத் தொடங்கவே தேவை இருந்திருக்காது.

நெறியாளர்

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தச் சேனலில் எந்தத் தொடர் சிறந்தது என்று தொடங்கிய சில பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே சந்தாதாரர் பணத்தையும் மாற்று வழிகளையும் பற்றி மட்டும் பேசுவோம். சட்டம் அறிந்தவர்கள் யாராவது முன்பணம் பற்றிய கேள்விக்கு விடை சொல்ல முடியுமா?

நீதிமன்றச் சாலை

வழக்குரைஞராக இருக்கிறேன்; திவால் சட்டம் சார்ந்த வழக்குகளில் பணியாற்றியிருக்கிறேன். டிஷ் டிவி திவால் நடைமுறைக்குள் போய்விட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பொதுவாக ஒரு டிடிஎச் நிறுவனம் அந்த நிலைக்குப் போனால் சந்தாதாரர் எங்கே நிற்பார் என்பதை மட்டும் விளக்குகிறேன்.

முதலில் ஆறுதலான செய்தி. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின்படி, வழக்கு ஏற்கப்பட்ட நாளிலேயே நிறுவனம் பூட்டப்படுவதில்லை. தீர்ப்பாயம் ஒரு நிர்வாகியை நியமிக்கும். அவர் தொழிலை ஓட்டிக்கொண்டே புதிய உரிமையாளரைத் தேடுவார். நடப்புக் கட்டணங்களை ஒழுங்காகச் செலுத்திவந்தால், பழைய பாக்கியைக் காரணம் காட்டி அந்தக் காலத்தில் அரசு உரிமத்தை ரத்து செய்ய முடியாது என்று 2020இல் சட்டத்தின் 14ஆம் பிரிவில் விளக்கம் சேர்த்தார்கள். சந்தாதாரர்கள்தாம் இப்படிப்பட்ட நிறுவனத்தின் பெரிய சொத்து. அவர்கள் திரையை இருளவிட்டால் விற்பதற்கு எதுவும் மிஞ்சாது என்பது நிர்வாகிக்குத் தெரியும்.

இப்போது கசப்பான செய்தி. அதே 14ஆம் பிரிவின் தடைக்காலம் தொடங்கிவிட்டால், உங்கள் பணத்தைக் கேட்டு நுகர்வோர் ஆணையத்தில் புதிய வழக்குப் போட முடியாது. நடந்துகொண்டிருக்கும் வழக்கும் நின்றுவிடும். சேவைக்காக முன்பணம் கொடுத்தவரும் செயல்பாட்டுக் கடன் கொடுத்தவர் (operational creditor) என்ற வகையில் வருவார் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே நீங்கள் படிவம் நிரப்பி நிர்வாகியிடம் உரிமை கோரலாம். ஆனால் நிறுவனம் கலைக்கப்பட்டால் பணம் பகிரும் வரிசை 53ஆம் பிரிவில் இருக்கிறது. நடைமுறைச் செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானக் கடன், ஊழியர் சம்பளம், அடமானமில்லாத நிதிக் கடன், அதன் பிறகு கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு அரசுக்குச் சேர வேண்டியது. இவையெல்லாம் தீர்ந்து மீதி இருந்தால்தான் உங்களைப் போன்றவர்களின் முறை வரும். பேரேடு அவர்கள் சொன்ன 4,164 கோடி போன்ற பெரிய பாக்கியும் கேட்கப்படும் இடத்தில், ஓராண்டு ரீசார்ஜ் தொகை திரும்பி வரும் என்று நான் யாருக்கும் நம்பிக்கை சொல்லமாட்டேன்.

ஆகவே ஒரு நிறுவனத்தின் நிலைமை தெளிவில்லாதபோது, முன்பணம் என்ற பெயரில் அதற்குக் கடன் கொடுக்காதீர்கள். ஆண்டுச் சந்தாவில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ இலவசம் என்று சலுகை தருவார்கள். அதற்காகப் பன்னிரண்டு மாதப் பணத்தை இடர்ப்பாட்டில் வைப்பது கட்டுப்படியாகாது.

தென்னந்தோப்பு

நீதிமன்றச் சாலை அவர்கள் சொல்வது தனிமனிதருக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் எல்லோரும் அப்படியே செய்தால், நன்றாக ஓடும் நிறுவனத்தையும் நாமே தள்ளிவிட்டதாக ஆகாதா? நான்கு நிறுவனங்கள் மூன்றாகும், மூன்று இரண்டாகும். பிறகு கட்டணத்தை அவர்கள் விருப்பப்படி ஏற்றுவார்கள். இருநூறு சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 என்று இருந்த அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பையும் டிராய் 2024 ஜூலையில் நீக்கிவிட்டது. எங்கள் வீட்டில் டிஷ் டிவிதான் இருக்கிறது. ஆண்டுச் சந்தாவைத்தான் கட்டப்போகிறேன்.

நீதிமன்றச் சாலை

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் மாதக் கட்டணம் கட்டுகிறவரும் அந்த நிறுவனத்தின் சந்தாதாரர்தான். அவர் விட்டுப் போய்விடவில்லை. போட்டி குறைந்து கட்டணம் ஏறாமல் காப்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் பொறுப்பு. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் முன்பணத்தைக் கொண்டு அதைச் செய்ய வேண்டியதில்லை.

மலையடிவாரம்

கோவைக்கு மேற்கே, நரசீபுரம் பக்கம் இருக்கிறோம். சென்ற ஆண்டு டிடிஎச்சை நிறுத்திவிட்டு ஃபைபர் இணைப்புக்கு மாறினோம். நல்லதையும் கெட்டதையும் சொல்கிறேன். படம் மிகத் துல்லியம், மழையில் நிற்பதில்லை, விட்டுப்போன தொடரைப் பிறகு பார்க்கலாம். ஆனால் மின்சாரம் போனால் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. வழியில் எங்கோ இருக்கும் அவர்களுடைய கருவி நின்றுவிட்டால் நம் வீட்டிலும் இணைப்பு போய்விடுகிறது. மரம் விழுந்து கம்பி அறுந்தபோது ஒரு வாரம் யாரும் வரவில்லை. என் தந்தைக்கு ரிமோட்டில் எண்ணை அழுத்தியவுடன் சேனல் வர வேண்டும். செயலி புதுப்பிக்கச் சொல்கிறது, கைப்பேசிக்கு ஓடிபி வந்திருக்கிறது என்றால் அவர் டிவியை அணைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறார். வைகைக்கரையின் பெற்றோருக்கு இதை நான் இப்போதைக்குப் பரிந்துரைக்கமாட்டேன். தட்டின் அருமை கம்பி அறுந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பேரேடு

இதற்கு முன் ஒரு டிடிஎச் சேவை உண்மையிலேயே நின்றுபோனபோது என்ன நடந்தது என்பதையும் பதிவு செய்வது நல்லது. ரிலையன்ஸ் பிக் டிவி 2008 ஆகஸ்டில் தொடங்கியது. உரிமக் காலம் முடிவதால் 2017 நவம்பரோடு சேவையை நிறுத்துவதாகத் தாய் நிறுவனம் அறிவித்து, வாடிக்கையாளர்களை வேறு சேவைக்கு மாறிக்கொள்ளச் சொன்னது. அதன் பிறகு அது வேறு கைக்கு விற்கப்பட்டு, இண்டிபெண்டெண்ட் டிவி என்ற புதிய பெயருடன் சிறிது காலம் நடந்து, 2019இல் நின்றுவிட்டது. முன்னதாக 2018இல், ஒருமுறை பணம் கட்டினால் பெட்டியும் நீண்ட காலத்துக்கான சேனல்களும் என்ற சலுகையும் அறிவிக்கப்பட்டிருந்தது. ஒரு சேவை தன் கடைசிக் கட்டத்தில்தான் நீண்ட காலச் சலுகைகளை அதிகமாக முன்வைக்கும் என்பதை நம்மைப் போன்றவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

எதிர்த் திசையிலும் ஒரு சான்று உண்டு. வீடியோகான் இண்டஸ்ட்ரீஸ் 2018 ஜூனில் திவால் நடைமுறைக்குள் போனது. ஆனால் டி2எச் அதற்கு மூன்று மாதம் முன்பே டிஷ் டிவியுடன் இணைந்துவிட்டதால், அந்த வீடுகளில் ஒரு நாள்கூடப் படம் நிற்கவில்லை. எனவே நிறுவனம் கைமாறுவதையும் சேவை நின்றுபோவதையும் ஒன்றாக எண்ணக் கூடாது. டிஷ் டிவிக்கு நடக்க வாய்ப்புள்ளது எது என்று கேட்டால், கைமாறுவதுதான் என்று சொல்வேன்.

ஏழாம் படி

மாற்று வழியாக ஃப்ரீ டிஷ் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2004 டிசம்பரிலிருந்து நடத்தும் சேவை அது. நாட்டில் 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஒருமுறை பெட்டி வாங்கினால் மாதக் கட்டணமே இல்லை. அரசின் சேவை என்பதால் அது மூடப்படும் என்ற அச்சமும் இல்லை. எங்கள் வீட்டு மாடியில் இரண்டாவது தட்டாக அதை வைத்திருக்கிறோம்.

கூடலூர் தட்டு

ஏழாம் படி அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் தமிழ்நாட்டு வீடுகளுக்கு அதில் ஒரு குறை இருக்கிறது. டிடி தமிழும் சில இலவசச் சேனல்களும் வரும். சன், விஜய், ஜீ தமிழ் ஆகியவற்றின் முதன்மைச் சேனல்கள் வராது. அதில் இருப்பவற்றுள் பெரும்பாலானவை இந்திச் சேனல்கள். தொடர் பார்க்கும் அம்மாக்களுக்கு அதை மட்டும் மாட்டிவிட்டு வந்தால் மறுநாளே என்னைக் கூப்பிடுவார்கள். செய்திக்கும் அவசரத்துக்கும் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

வைகைக்கரை

அனைவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு பொறுப்பாக விடை வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று இரவு அப்பாவுடன் பேசினேன். இப்போதைக்கு இணைப்பை மாற்றுவதில்லை என்றும், ஆண்டுச் சந்தாவை விட்டுவிட்டு மாதாமாதம் நானே என் கைப்பேசியிலிருந்து கட்டுவது என்றும் முடிவு செய்திருக்கிறோம். மாதத் தொடக்கத்தில் வீட்டு வாடகை அனுப்பும் நாளிலேயே இதையும் கட்டிவிட்டால் மறக்காது. புதிய இணைப்பு விற்க வருகிறவர்களிடம் "மகனிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்று சொல்ல அப்பா ஒப்புக்கொண்டார்.

கூடலூர் தட்டு அண்ணனிடம் ஒரு விவரம் கேட்க வேண்டும். என்றாவது படம் நின்றுவிட்டால், அது நிறுவனம் மூடியதாலா, வீட்டுப் பக்கத்துக் கோளாறாலா என்று அப்பா எப்படித் தெரிந்துகொள்வார்? நாம் என்னென்ன எழுதி வைத்திருக்க வேண்டும்?

நீதிமன்றச் சாலை

அண்ணன் பதில் சொல்வதற்கு முன் ஒன்று. மாதாமாதம் கட்டும்போதும் ரசீதை அழிக்காதீர்கள். குறுஞ்செய்தியாக வந்தால் படம் எடுத்து வையுங்கள். கட்டிய காலத்துக்குச் சேவை வராவிட்டால், முதலில் நிறுவனத்தில் புகார் எண் பெறுங்கள். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதிலும் தீரவில்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகவே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பெட்டியை வாடகைக்கு எடுத்து வைப்புத்தொகை கட்டியிருந்தால் அந்தத் தாளையும் தேடி எடுங்கள்.

கூடலூர் தட்டு

தம்பி, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணையும், உங்கள் சந்தாதாரர் எண்ணையும், எந்தக் கைப்பேசி எண்ணில் பதிவாகியிருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி டிவிக்குப் பின்புறம் ஒட்டிவிடுங்கள். பல வீடுகளில் பதிவான எண் பழைய சிம்முடையதாக இருக்கும். அதை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள், பிறகு அலைய வேண்டியதில்லை.

படம் நின்றால் திரையில் வரும் செய்தியை அப்பா படித்துச் சொல்லட்டும். பணம் முடிந்துவிட்டது, சந்தா இல்லை என்று வந்தால் ரீசார்ஜ் தொடர்பானது. சிக்னல் இல்லை என்று வந்தால் பெரும்பாலும் மாடியில் இருக்கும் கோளாறு. அப்போது பக்கத்தில் இதே இணைப்பு வைத்திருக்கும் வீட்டில் படம் வருகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். அங்கே வந்தால் நிறுவனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, உங்கள் வயரையோ கனெக்டரையோதான் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கருமேகம் கூடிப் பெருமழை பெய்யும்போது இந்த அலைவரிசையில் எந்த நிறுவனத்தின் படமும் சற்று நேரம் நிற்கும். மழை விட்டதும் தானே வந்துவிடும். போன ஐப்பசியில் இப்படி நின்றபோது, கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு அவசரமாகப் புதிய பெட்டி வாங்கிய வீடுகள் எங்கள் ஊரில் இருக்கின்றன. மழை விட்டு ஒரு மணி நேரம் ஆன பிறகும் படம் வரவில்லையென்றால் மட்டும் கூப்பிடுங்கள். உசிலம்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த நேர்மையான ஆள் ஒருவர் இருக்கிறார், அவருடைய எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.